வாய்தா – 17: அவள் சொன்னதாக எழுதியது

ஹாலேஷ் எழுந்தான். பாயைச் சுருட்டி மூலையில் நிறுத்தினான். பல் தேய்த்தான். கதவுக் கைப்பிடியில் தொங்கிய பால் பாக்கெட்டை எடுத்து வந்து காய்ச்சினான். ஒரு டம்ளர் காபி போட்டான். அவலை நனைத்து, எலுமிச்சம்பழம் பிழிந்து, வறுத்த கடலையைப் போட்டுக் கிளறினான். வெள்ளைச் சட்டையைத் தேய்த்தான்.

பிறகு சமையலறையில் இருந்த இரும்பு ஸ்டூலை இழுத்துக்கொண்டு போய்க் கட்டிலுக்குப் பக்கத்தில் போட்டான். அதன் ஒரு காலில் ரப்பர் இல்லை. தரை நெடுகக் கிறீச்சிட்டது.

கீழ் வீட்டு மல்லம்மா விளக்குமாற்றுக் கட்டையால் கூரையை இடித்தாள். டொக், டொக்.

கட்டிலில் யாரும் இல்லை. அவன் பாயில்தான் படுக்கிறான்.

குளித்துவிட்டு வந்து ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு போய்ச் சமையலறையில் வைத்தான். போகும்போது இழுப்பான், திரும்பும்போது தூக்குவான். ஏன் என்று கேட்க வீட்டில் ஆள் இல்லை.

இடையில் இரண்டு வாரம் விட்டுப்போனவர்களுக்காக நாலு வரி. ஹாலேஷின் மனைவி தாட்சாயணி, தாவணகெரெக்கு வெளியே ஒரு கிராமத்துப் பள்ளியில் ஆசிரியை. ஒரு ஜூன் மாதக் காலையில் அவள் இறங்கி முடிப்பதற்குள் தனியார் பஸ் நகர்ந்துவிட்டது. பின்சக்கரம் வலது கால் மேல் ஏறியது. நஷ்டஈட்டு வழக்கைப் போட்டவள் அவளேதான். இரண்டு ஆபரேஷன். காலைத் தொங்கவிடக் கூடாது என்றார் டாக்டர். தினமும் அவள் கட்டிலில் எழுந்து உட்கார்ந்ததும் ஹாலேஷ் ஸ்டூலை இழுத்துப் போடுவான், அவள் காலை அதன்மேல் வைத்துக்கொள்வாள். இரண்டாவது ஆபரேஷன் முடிந்து தேறி வந்த நேரத்தில், ஒரு நாள் காலையில், திடீரென்று போய்விட்டாள்.

வழக்கு மட்டும் போகவில்லை. கேஸ் போட்ட வருஷம் பிறந்த குழந்தை, தாட்சாயணியின் தம்பி மகள், இப்போது அங்கன்வாடிக்குப் போகிறாள். முதல் நீதிபதிக்கு இடமாற்றம். இரண்டாமவர் ஓய்வு பெற்றார். நடுவில் வக்கீல்கள் கோர்ட்டைப் புறக்கணித்தார்கள். டாக்டருக்குப் போன சம்மன் பழைய விலாசத்துக்குப் போய்த் திரும்பியது. இன்று மூன்றாவது நீதிபதி முன்னால் ஹாலேஷைக் குறுக்கு விசாரணை செய்யப் போகிறார்கள்.

படியிறங்கும்போது மல்லம்மா கதவைத் திறந்தாள்.

"கோர்ட்டுக்கா?"

"ஆமாங்க."

"ஸ்டூலுக்கு ஒரு ரப்பர் வாங்கிப் போடறதுக்கு என்ன? ஒவ்வொரு நாளும் பல்லு கூசுது."

"போடறேங்க."

"இப்படித்தான் வருஷக்கணக்கா சொல்றீங்க." கொஞ்சம் நிறுத்தினாள். "சாயங்காலம் வந்ததும் என்கிட்ட ஒரு வார்த்தை பேசிட்டு மேல போங்க. அன்னைக்குக் காலையில நடந்தது பத்தி. எத்தனை நாளுக்கு நானே வச்சுக்கிட்டு இருக்கறது?"

"எந்த அன்னைக்கு?"

அவள் கதவைச் சாத்திக்கொண்டாள்.

---

கோர்ட் வளாகத்துப் புங்கமரத்தடியில் மாமியார் நீலம்மா உட்கார்ந்திருந்தாள். நெற்றி முழுக்க விபூதி. மடியில் சோள ரொட்டி மூட்டை. ஹொன்னாளியிலிருந்து முதல் பஸ்ஸில் வந்திருக்கிறாள். ஒவ்வொரு வாய்தாவுக்கும் வருகிறாள்.

"சாப்பிட்டீங்களா மாப்ளே?"

"அவல் சாப்பிட்டேன் அத்தை."

"அவல் எந்த மூலைக்கு? ரொட்டி ஒண்ணு தின்னுட்டுப் போங்க. கூண்டுல மயக்கம் போட்டு விழுந்தா அதுக்கும் ஒரு வாய்தா குடுப்பாங்க."

மச்சினன் விரூபாக்ஷ சிரித்தான். சரக்கு ஆட்டோ ஓட்டுகிறவன். அக்காவின் ஆபரேஷனுக்காக மனையை அடமானம் வைத்தவன். அதைப் பற்றி ஹாலேஷிடம் ஒரு நாளும் பேசியதில்லை. பேசாமல் இருப்பதுதான் கேட்டுக்கொண்டே இருக்கும்.

"மாமா, ஒரே ஒரு வரி. ஸ்கூல்ல பசங்க செய்யுள் ஒப்பிக்கல? அந்த மாதிரி ஒப்பிச்சிட்டு இறங்கி வந்துடுங்க."

அந்த ஒரு வரி என்ன என்பதைச் சொல்லிவிட வேண்டும்.

அன்று ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோதே தாட்சாயணிக்கு உயிர் இல்லை. காலில் உறைந்த ரத்தம் நெஞ்சுக்கு ஏறியிருக்கலாம், அறுத்துப் பார்த்தால்தான் உறுதியாகத் தெரியும் என்றார் டாக்டர். நீலம்மா விடவில்லை. "லிங்கம் கட்டின பொண்ணு. அவளை வெட்டித் தைச்சுக் குடுத்தா நான் எப்படி உக்கார வைப்பேன்?" என்றாள். கழுத்தில் லிங்கம் கட்டும் அவர்கள் ஜாதியில் இறந்தவரைப் படுக்க வைத்துப் புதைப்பதில்லை. குழிக்குள் உட்கார வைத்து, உள்ளங்கையில் லிங்கத்தை வைத்து, விபூதி நிரப்பி மூடுவார்கள். உடம்பு முழுசாக இருக்க வேண்டும். அன்று ஹாலேஷை எதைக் கேட்டிருந்தாலும் சரி என்றுதான் சொல்லியிருப்பான். ஒரு கையெழுத்தில் பிரேதப் பரிசோதனை வேண்டாம் என்றாகிவிட்டது. மறுநாள் மாமனாரின் வயலில், அவர் சமாதிக்குப் பக்கத்தில், தாட்சாயணி உட்கார்ந்தாள்.

அதைத்தான் இன்சூரன்ஸ் கம்பெனி பிடித்துக்கொண்டது. அவள் விபத்தால் இறந்தாள் என்பதற்கு என்ன ஆதாரம்? மாரடைப்பு யாருக்கும் வரும். காலுக்கு வேண்டுமானால் கேளுங்கள், உயிருக்குக் கேட்காதீர்கள்.

அறுத்துப் பார்த்த காகிதம் இல்லாத இடத்தில், கடைசியாக அவள் பக்கத்தில் இருந்தவனின் பேச்சுதான் மிஞ்சியது. வக்கீல் சித்தவீரப்பா உட்கார்ந்து அபிடவிட்டில் எழுதினார்: 'அன்று காலை என் மனைவி, காலை இழுக்கிறது, மூச்சு வாங்குகிறது என்று என்னிடம் கூறினாள். அதுவே அவள் கடைசியாகக் கூறியது.' காட்டிய இடத்தில் ஹாலேஷ் கையெழுத்துப் போட்டான்.

ஒவ்வொரு வாய்தாவுக்கு முன்னாலும் அந்த வரியை வக்கீல் அவனிடம் கேட்டு வாங்கினார். காலை இழுக்குது, மூச்சு வாங்குது. விரூபாவும் கேட்டான். பஸ்ஸில் போகும்போது அவனே சொல்லிப் பார்த்தான். முதலில் அது வக்கீலின் குரலில் இருந்தது. பிறகு அவன் குரலுக்கு வந்தது. போன மழைக்காலத்திலிருந்து அது தாட்சாயணியின் குரலில் கேட்கிறது.

அவள் உண்மையில் சொன்னது வேறு. அது என்னவென்று இப்போதெல்லாம் சட்டென்று வருவதில்லை. காலையில் ஸ்டூலை இழுக்கும்போது மட்டும் நாக்கு நுனிவரை வரும். மல்லம்மா கூரையை இடித்ததும் போய்விடும். விதைக் கம்பெனியில் அவனுக்கு மக்காச்சோளத்தின் முளைப்பைச் சோதிக்கும் வேலை. முளைத்ததை மட்டும் எழுதுகிறவன். இன்று கூண்டில் ஏறி அந்த வரியைச் சத்தியம் செய்துவிட்டால், பிறகு அதுதான் அவள் சொன்னது. மற்றது இனி வராது.

இதை அவன் யாரிடமும் சொல்லவில்லை.

---

கறுப்புக் கோட்டைத் தோளில் போட்டுக்கொண்டு சித்தவீரப்பா வேகமாக வந்தார். பின்னால் மோர்க்கடையில் இன்சூரன்ஸ் வக்கீல் ஹேமாவதி, நின்றுகொண்டே மோர் குடித்துக்கொண்டிருந்தாள்.

"கேளுங்க. மேடம் ஒண்ணு சொல்றாங்க," என்றார் சித்தவீரப்பா. "கூண்டுல ஏறறதுக்கு முன்னாடி சமரசம் பண்ணிக்கிட்டா, சங்கராந்திக்குள்ள செக் வந்துடும். காலுக்கு மட்டும். ஏறிட்டா, அவங்க ஆபீஸ் இதைத் திரும்பப் பேசாது."

"காலுக்கு மட்டும்னா?" என்றான் விரூபா.

"காயத்துக்கு மட்டும். சாவுக்கும் விபத்துக்கும் சம்பந்தம் இல்லைன்னு நாம எழுதிக் குடுக்கணும்."

விரூபா தரையைப் பார்த்தான். மனையை மீட்க அது போதும் என்பது அவன் கழுத்து நரம்பிலேயே தெரிந்தது. "சண்டை போட்டா எவ்வளவு நாள் சார்?"

"இங்க தீர்ப்பு ஒரு வருஷம்னு வை. ஜெயிச்சா அவங்க ஹைகோர்ட்டுக்குப் போவாங்க. அங்க ஒரு நாலு, அஞ்சு. தோத்தா நாம போவோம். அதே நாலு, அஞ்சு."

"அதுக்குள்ள என் பொண்ணு ஹைஸ்கூலுக்குப் போயிடுவா."

"போகட்டும். நல்லாப் படிச்சு வக்கீலானா இந்தக் கேஸை அவகிட்டயே குடுத்துடறேன்."

நீலம்மா ரொட்டி மூட்டையை மெதுவாகக் கட்டினாள்.

"காலுக்கு மட்டும்னா," என்றாள், "என் பொண்ணு எதுல செத்தா? அதை யாரு எழுதிக் குடுப்பாங்க?"

"அம்மா, அப்படி இல்ல..."

"நான் வெட்ட விடல. அது என் தலையில இருக்கட்டும். ஆனா அந்த பஸ்ஸால இல்லைன்னு நான் கையெழுத்துப் போட மாட்டேன். எனக்குப் பணம் வேண்டாம். அந்த ஜட்ஜு தன் வாயால சொல்லணும். அதைக் கேட்டுட்டு நான் போய் அவ பக்கத்துல உக்காந்துக்கறேன்."

விரூபா வெடித்தான். "உனக்கு வேண்டாம்மா. எனக்கு வேணும். மாசா மாசம் அந்த வட்டிக் கடைக்காரன் என் வீட்டு வாசல்லதான் வந்து நிக்கறான், உன் வாசல்ல இல்ல."

"மாமாவைக் கேளுங்க," என்றார் வக்கீல். "அக்கா போனப்புறம் முதல் மனுதாரர் அவர்தான்."

மூன்று பேரும் ஹாலேஷைப் பார்த்தார்கள். ஹேமாவதி மோர் டம்ளரைக் கடையில் வைத்துவிட்டு அவளும் பார்த்தாள்.

"ஏறறேன்," என்றான்.

"யோசிச்சுத்தானா?"

"ஏறறேன் சார்."

விரூபா புங்கமரத்தை ஓங்கிக் குத்திவிட்டுக் கொஞ்ச தூரம் போனான். பிறகு திரும்பி வந்தான். "சரி. ஏறினா அந்த வரி தப்பக் கூடாது மாமா. அதுவும் போச்சுன்னா நமக்கு ஒண்ணுமே இல்ல. புரியுதா?"

"புரியுது."

கூப்பிடும் குரல் கேட்டது. நீலம்மா அவன் சட்டைக் கையைப் பிடித்து நிறுத்தினாள். எப்போதும் கேட்கிற கேள்வியைக் கேட்டாள்.

"அவ கடைசியா என்னைக் கேட்டாளா மாப்ளே?"

அபிடவிட்டில் இருப்பதை அவள் நம்பவில்லை. முதல் நாளிலிருந்தே நம்பவில்லை. தாய்க்குத் தெரியாதா. இத்தனை வருஷமாக இந்தக் கேள்விக்கு அவன் வாய்தா வாங்கிக்கொண்டே இருந்தான்.

"வந்து சொல்றேன் அத்தை," என்றான்.

---

நீதிபதிக்கு ஜலதோஷம். கைக்குட்டையை மடித்து மேசையில் வைத்துக்கொண்டு, ஹாலேஷ் சத்தியம் செய்வதைக் கேட்டார். ஹேமாவதி எழுந்தாள். குரல் உயரவே இல்லை.

"உங்க மனைவி இறந்தப்ப எலும்பு கூடிடுச்சுன்னு டாக்டர் எழுதியிருக்கார். ஒத்துக்கறீங்களா?"

"ஒத்துக்கறேன்."

"ஊன்றுகோல் வச்சு நடந்துக்கிட்டு இருந்தாங்க."

"கொஞ்சம். பாத்ரூம் வரைக்கும்."

"போஸ்ட்மார்ட்டம் வேண்டாம்னு கையெழுத்துப் போட்டது நீங்கதான்."

"நான்தான்."

"இழப்பீட்டுக் கேஸ் நடக்குதுன்னு தெரிஞ்சும்."

"அப்ப கேஸ் ஞாபகம் இல்ல."

பின் பெஞ்சில் நீலம்மா அசைந்தாள். ஹேமாவதி தாளைப் புரட்டினாள்.

"அன்னைக்குக் காலையில நீங்க எங்க இருந்தீங்க?"

"சமையலறையில."

"அவங்க?"

"உள் அறையில. கட்டில்ல உக்காந்திருந்தா."

"நடுவுல சுவர்."

"சுவர் இருக்கு. கதவு இல்ல, திரைதான்."

"அந்த நேரத்துல நீங்க என்ன செஞ்சுக்கிட்டு இருந்தீங்க? சட்னி அரைச்சீங்களா?"

"இல்ல. கரண்ட் போயிருந்தது."

"குக்கர்? ரேடியோ? தெருச் சத்தம்?"

"ஒண்ணும் இல்ல. அமைதியா இருந்தது."

"ஒரு சத்தமும் இல்ல?"

ஹாலேஷ் 'இல்ல' என்று சொல்லப் போனான்.

ஒரு சத்தம் இருந்தது. தரையில் கிறீச்சென்று ஒரு முழம் போய், நின்ற சத்தம். அன்று கூரையை யாரும் இடிக்கவில்லை. இடிப்பதற்கு முன்பே நின்றுவிட்டது. ஏன் நின்றது?

"சாட்சி பதில் சொல்லணும்," என்றார் நீதிபதி.

"ஒரு சத்தம் இருந்ததுங்க. ஸ்டூல்."

"என்ன ஸ்டூல்?"

"அவ காலைத் தூக்கி வைக்கறதுக்கு. தினமும் நான் சமையலறையில இருந்து இழுத்துட்டுப் போய்ப் போடுவேன். காலைத் தொங்கவிட்டா வீங்கும்."

சித்தவீரப்பா தலையைத் தூக்கினார். ஹேமாவதி இதை எதிர்பார்க்கவில்லை. எழுதாமல் பேனாவைப் பிடித்தபடி நின்றாள். பிறகு விட்ட இடத்துக்குத் திரும்பினாள்.

"சரி. அபிடவிட்டோட ஆறாவது பத்திக்கு வாங்க. 'காலை இழுக்கிறது, மூச்சு வாங்குகிறது.' இது உங்க மனைவி சொன்னது இல்ல. இழப்பீட்டுக்காகப் பின்னாடி சேர்த்தது. நான் சொல்றது சரியா?"

இப்படிக் கேட்டால் 'சரியல்ல' என்று சொல்ல வேண்டும். ஒரே வார்த்தை. வக்கீல் சொல்லிக் கொடுத்திருந்தார். விரூபா பெஞ்சின் நுனிக்கு வந்திருந்தான். உதடு அசைந்தது. சரியல்ல.

அதற்குள் அவன் காதில் தாட்சாயணி சொன்னாள், காலை இழுக்குது, மூச்சு வாங்குது. அவளுடைய குரலேதான். ஆனால் அவள் குரலில் எப்போதும் ஒரு சின்னக் கேலி இருக்கும். இதில் இல்லை. கடன் வாங்கிப் போட்டுக்கொண்ட குரல்.

"சரி," என்றான் ஹாலேஷ்.

டைப் அடிக்கிற பெண் கையை நிறுத்தினாள்.

"என்ன சொன்னீங்க?" என்றார் நீதிபதி.

"மேடம் சொன்னது சரிங்க ஐயா. அதை என் மனைவி சொல்லல."

விரூபா எழுந்தே விட்டான். "மாமா." நீலம்மா அவன் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். சித்தவீரப்பா கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். அந்தச் சின்னச் சத்தம் அறை முழுக்கக் கேட்டது.

"இது சத்தியத்து மேல குடுத்த அபிடவிட்," என்றார் நீதிபதி. "அதுல பொய் இருக்குன்னா என்ன ஆகும்னு தெரியுமா?"

"தெரியாதுங்க. ஆனா இது தெரியும்."

"படிச்சவர்தானே?"

"படிச்சிருக்கேன் ஐயா. இதைப் படிக்காம கையெழுத்துப் போட்டேன்."

ஹேமாவதி சட்டென்று உட்கார்ந்தாள். வேண்டியது கிடைத்துவிட்டவள் அதற்குமேல் ஒரு கேள்வியும் கேட்க மாட்டாள். "வேறு கேள்வி இல்லை," என்றாள்.

"எனக்கு இருக்கு," என்றார் நீதிபதி. கைக்குட்டையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். முதல் முறையாக ஹாலேஷை முழுசாகப் பார்த்தார். "அவங்க பேசவே இல்லையா? இல்ல, வேற ஏதாவது சொன்னாங்களா?"

"சொன்னா."

"நினைவு இருக்கா?"

"இப்ப இருக்குங்க."

"சொல்லுங்க. அவசரம் இல்ல. அவங்க சொன்ன வார்த்தையிலேயே சொல்லுங்க."

ஹாலேஷ் கூண்டின் மரக்கட்டையைப் பிடித்துக்கொண்டான். நீதிபதியைப் பார்க்கவில்லை. பின் பெஞ்சில், விபூதி வியர்வையில் கரைந்த நெற்றியோடு, மூட்டையை நெஞ்சில் அணைத்துக்கொண்டு காத்திருந்த நீலம்மாவைப் பார்த்துச் சொன்னான்.

"நான் ஸ்டூலை இழுத்தேன் அத்தை. ஒரு முழம் வந்திருக்கும். உள்ளேர்ந்து சிரிச்சா. சிரிச்சுக்கிட்டே சொன்னா."

"என்ன சொன்னா?" கோர்ட் என்பதை மறந்து நீலம்மாவே கேட்டாள். யாரும் அவளை அடக்கவில்லை.

"ஏங்க, ஸ்டூலை இழுக்காதீங்க, மல்லம்மா திட்டும். இருங்க, இன்னைக்கு நானே அங்க நடந்து வர்றேன்."